தொழிற்சாலை மூடினால் கையில் என்ன வரும்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒருவராவது ஒரு பொலித்தீன் பையோடு என் வீட்டுப் படலையைத் தட்டுவார். கிண்ணியா, மூதூர், கந்தளாய், தம்பலகாமம் என்று எங்கிருந்தும் வருவார்கள். பைக்குள் கசங்கிய சம்பளச் சிட்டைகளும் ஒரு கடிதமும் இருக்கும். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நான் சட்டத்தரணி இல்லை. ஒன்பது வருடம் ஒரு செருப்புக் கம்பனியின் ஸ்டோர்ஸில் நின்றவன். இறக்குமதிச் செருப்பு எங்கள் விலையில் பாதிக்குக் கடைகளில் தொங்கத் தொடங்கியதும் அந்தக் கம்பனியை இழுத்து மூடினார்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதையும், பிறகு மற்றவர்களோடு கந்தோர் கந்தோராக அலைந்து தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டுச் சாமான் வந்து வேலை போனவர்களுக்கு என்று அரசாங்கம் தனியாக ஏதும் தருகிறதா?

இல்லை. வேலை இல்லாத காலத்தில் மாதாமாதம் காசு தரும் வேலையின்மைக் காப்புறுதியும் இலங்கையில் இல்லை. 2017இல் வந்த புதிய வர்த்தகக் கொள்கையில், சந்தையைத் திறந்துவிடும்போது அடிபடுகிறவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுதினார்கள், அவ்வளவுதான். தொழிலாளியின் கைக்குக் காசு வரும் திட்டமாக அது மாறவில்லை.

அமெரிக்காவில் அப்படி ஒன்று இருக்கிறதாமே?

இருந்தது. 1962இல் தொடங்கி 1974 வர்த்தகச் சட்டத்தில் பெரிதாக்கினார்கள். ஒரே தொழிற்சாலையில் வேலை போன மூன்று பேர் சேர்ந்தால் மனுப் போடலாம். இறக்குமதிதான் காரணம் என்று அந்த நாட்டுத் தொழில் திணைக்களம் சான்று கொடுத்துவிட்டால் புதுத் தொழில் பழகும் செலவு, பழகும் காலத்துக்கு வாராந்தக் காசு, வேறு ஊருக்குக் குடிபோகும் செலவு எல்லாம் கிடைக்கும். 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு வேலையில் சேர்ந்தால், இரண்டு சம்பளத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதியை இரண்டு வருடத்துக்குக் கொடுத்தார்கள், மொத்தம் 10,000 டொலருக்கு மேற்படாமல். காங்கிரஸ் சபை நீடிக்காமல் விட்டதால் 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்கு முடிவு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இதே மாதிரி ஒரு நிதியம் இருக்கிறது. ஆனால் பொதுவாக 200 பேருக்குக் குறையாமல் வேலை போயிருக்க வேண்டும்.

இதையெல்லாம் இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் தொழிற்சாலை ஏன் மூடப்பட்டது என்பதுதான் முழு வழக்கும். காரணம் இறக்குமதி இல்லை, மெசின்தான் என்று முடிவானால் கை விரிப்பார்கள். நம் சட்டம் அதைக் கேட்பதில்லை. சீனச் செருப்பு வந்து மூடினாலும், ஓர்டர் பங்களாதேஷுக்குப் போய் மூடினாலும், முதலாளி அலுத்துப்போய் மூடினாலும் இங்கே ஒரே கணக்குத்தான். நம் சட்டம் கேட்பது, உங்களை அனுப்புவதற்கு யார் சம்மதித்தார்கள் என்பதை.

அது என்ன சட்டம்?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றியது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் முதலாளிக்கு இரண்டே வழி. ஒன்று, தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகம் எழுத்தில் தரும் அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது சட்டத்தின் கண்ணில் நடக்காத காரியம். உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லவும், வேலையில்லாமல் நின்ற காலத்துச் சம்பளத்தைக் கட்டச் சொல்லவும் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. முழுத் தொழிற்சாலையையும் மூடுவதற்கும் இதே விதிதான். "நாங்கள் பி.ஓ.ஐ. (முதலீட்டுச் சபை) கம்பனி, எங்களுக்கு அது இல்லை" என்று எச்.ஆரில் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

எனக்கு அது பொருந்துமா?

நிறுத்தப்பட்ட மாதத்துக்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேராவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். நிரந்தர நியமனக் கடிதம் இல்லை என்பதற்காக ஒதுங்கி நிற்காதீர்கள். 15 பேருக்குக் குறைந்த இடம் என்றால் இந்தச் சட்டம் இல்லை, தொழில் நியாய சபைக்குப் போகலாம். இரண்டு இடத்துக்கும் காலக்கெடு ஒன்றுதான், வேலை போன நாளிலிருந்து 6 மாதம்.

நட்டஈடு எவ்வளவு வரும்?

ஆணையாளர் அனுமதி கொடுத்தால் கூடவே நட்டஈட்டையும் நிர்ணயிப்பார். அதற்கு 2005இல் வர்த்தமானியில் ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை வருடத்துக்கு 2 மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம், 20 முதல் 24 வரை ஒரு மாதம், அதற்கு மேல் 34 வரை அரை மாதம். எப்படிக் கூட்டினாலும் 48 மாதத்தைத் தாண்டாது. பண உச்சம் முதலில் 12 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயாக இருந்து, 2021இல் 25 லட்சமாகக் கூட்டப்பட்டது.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். 12 வருடம் ஒரு கார்மண்டில் லைனில் இருந்தவர், சம்பளம் 30,000. இது 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமும்தான். முதல் 5 வருடத்துக்கு பன்னிரண்டரை மாதம், மிச்சம் 7 வருடத்துக்கு 14 மாதம். ஆக இருபத்தாறரை மாதம், 7 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய். பணிக்கொடை இதற்கு வெளியே, அதைக் கீழே சொல்கிறேன்.

அதே ஆளைக் கூப்பிட்டு "மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்" என்பார்கள். 90,000. காசைக் கண்ட கண்ணுக்கு அது பெரிதாகத்தான் தெரியும்.

இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உடனே செக் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் போட்டவன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சாப்பாட்டு அறையில் இரண்டு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் பெயர் எழுதிய கவர்கள், மற்றதில் ஒரே மாதிரி தட்டச்சடித்த தாள்கள். ஆங்கிலத்தில் நாலே வரி. அடியில் புள்ளிக்கோடு, அதற்குக் கீழே என் பெயர், பிழையாக. பேனையை நூலால் மேசைக் காலில் கட்டியிருந்தார்கள், யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்று. எனக்கு முன்னால் நின்ற தங்கச்சி "இதில் என்ன சேர் எழுதியிருக்கு" என்று கேட்டாள். "காசு எடுத்ததுக்கு ரிசீட் பிள்ளை" என்றார் மேசையில் இருந்தவர். கவரில் மூன்று மாதச் சம்பளம் இருந்தது. தாளில் "எனது சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. வீட்டுக்கு வந்து மகளின் அகராதியை வைத்துத்தான் அதைப் படித்தேன். ஒன்பது வருடத்துக்கு அந்தக் கணக்குப்படி எனக்கு இருபதரை மாதம் வந்திருக்க வேண்டும்.

சொந்தக் காரணத்துக்காக விலகியவரை யாரும் நிறுத்தவில்லை. அப்படியானால் அனுமதியும் தேவையில்லை, நட்டஈடும் இல்லை. அந்த நாலு வரி செய்கிற வேலை அதுதான்.

சில கம்பனிகள் முறையாகவே சுயவிருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றை வைக்கும். அது தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் என்ற முதல் வழி. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லும் தொகையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குறைவாக இருந்தால் பேரம் பேசலாம், தனியாக இல்லாமல் எல்லாரும் சேர்ந்து. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கிவிடும்.

"இப்ப ஓர்டர் இல்லை, வீட்டில் இருங்கள், கூப்பிடுவோம்" என்று சொல்லி இரண்டு மாதமாகிறது. இது வேலைநீக்கமா?

சட்டம் தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் நிறுத்தமாகத்தான் எண்ணுகிறது. கடிதம் தரவில்லை என்பதால் உங்கள் வேலை பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2020இல் கொரோனாக் காலத்தில் முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசாங்கம் மூன்றும் சேர்ந்து, வீட்டில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது என்று ஒத்துக்கொண்டன. அது அந்தக் காலத்துக்கான ஏற்பாடு. அதை இப்போதும் நடைமுறை மாதிரிக் காட்டிப் பாதிச் சம்பளம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூடுவதற்கு முன்னால் திடீரென்று எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறார்கள். ஏன்?

ஒழுக்காற்றுக் காரணம் என்று காட்டினால் மேலே சொன்ன அனுமதி தேவையில்லை, அதுதான். குற்றம் சாட்டி நிறுத்தினாலும் காரணத்தை நிறுத்திய நாளிலிருந்து இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஒழுக்காற்றுக் காரணம் என்று பிறகு சொல்ல ஏலாது. எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். தமிழில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மேன்பவரில், அதாவது ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவன். எனக்கு?

இதுதான் மோசமான இடம். உங்கள் பெயர் தொழிற்சாலைப் பதிவில் இல்லை, ஏஜென்சியின் பதிவில் இருக்கிறது, சில நேரம் அதிலும் இல்லை. ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதியம்) யார் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்; சட்டத்தின் முன் அவர்தான் உங்கள் முதலாளி என்று காட்ட அது உதவும். பல வருடம் ஒரே தொழிற்சாலையில், அவர்களுடைய சுப்பவைசரின் சொல்லைக் கேட்டு வேலை செய்திருந்தால், உண்மையான முதலாளி தொழிற்சாலைதான் என்று வாதாடிப் பார்க்கலாம். அதற்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பணிக்கொடை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளத்தின்படி. 12 வருடத்து ஆளுக்கு 30,000 என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம். ஓவர்டைம் இதில் சேராது. நீங்களாக விலகினாலும் இது வரும், ஆகவே இதைக் காட்டி "நாங்கள் பெரிய மனது பண்ணித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும்.

ஈ.பி.எப் காசை இப்போது எடுக்கலாமா?

வேலை போனது மட்டும் காரணம் என்றால் முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் கிடைக்கும். நிரந்தரமாக வெளிநாடு போவது, நிரந்தர உடல் இயலாமை, ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 லட்சத்துக்கு மேல் இருந்தால் வீடு கட்டவோ குறிப்பிட்ட சில பெரிய நோய்களின் சிகிச்சைக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். மிச்சம் எங்கும் போகாது, வட்டி சேர்ந்தபடி இருக்கும்.

ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) வேறு. அது முதலாளி மட்டும் கட்டும் 3 சதவீதம். வேலையை விட்டதும் வயதைப் பாராமல் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். சின்னத் தொகைதான் என்றாலும் முதல் இரண்டு மாத அரிசிக்கு உதவும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். திருமணத்தைக் காரணம் காட்டி வேலையை விடும் பெண் வயதைப் பாராமல் ஈ.பி.எப் எடுக்கலாம். இதைத் தெரிந்த எச்.ஆர் ஆட்கள், தொழிற்சாலை மூடும் நேரத்தில் புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு "திருமணத்துக்காக விலகுகிறேன் என்று எழுதிக் கொடு, ஈ.பி.எப் கெதியாக எடுக்கலாம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் ஈ.பி.எப் வரும். அது உங்கள் சொந்தக் காசு. அந்தக் கடிதத்தால் போவது நட்டஈடு.

ஈ.பி.எப் கட்டவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

சம்பளத்தில் உங்கள் 8 சதவீதத்தை வெட்டியிருப்பார்கள், அவர்கள் பங்கு 12 சதவீதம், இரண்டையும் கட்டவில்லை. அடிக்கடி காண்கிற கதை. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள்; பாக்கியைத் தண்டத்தோடு அறவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கட்டிய நாட்களிலும் உங்கள் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ பிழையாகப் பதியப்பட்டிருக்கலாம். தொழிற்சாலை திறந்திருக்கும்போதே திருத்துங்கள். மூடிய பிறகு திருத்தக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்க ஆள் இருக்காது.

தொழில் அலுவலகத்துக்கு எதைக் கொண்டுபோவது?

அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அது, சம்பளச் சிட்டைகள், ஈ.பி.எப் இலக்கம், கம்பனி கொடுத்த கடிதங்கள். ஈ.பி.எப் இலக்கம் சம்பளச் சிட்டையின் மூலையில் இருக்கும்.

சிட்டைகளைப் பற்றி ஒரு புலம்பல். இப்போதெல்லாம் கடை பில் மாதிரி வழுவழுப்பான கடதாசியில் அச்சடிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் எழுத்து மறைந்துவிடும். போன ஆடி மாதம் மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பையில் நாற்பது சிட்டை இருந்தது, பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சம்பளம் எடுத்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கம்பனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். "நாளைக்கு வர வேண்டாம்" என்று சுப்பவைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள். சம்பளம் வங்கியில் விழுந்தவர்கள் வங்கிக் கூற்று எடுக்கலாம். ஒன்றுமே இல்லாதவரும் போகலாம். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் சாட்சிதான். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். கொடுத்ததற்கு இலக்கத்தோடு ஒரு துண்டு கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதலாளி ஒரு இரவில் மெசினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். யாரிடம் கேட்பது?

மெசின் ஏறும்போதே தொழில் அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் சொல்ல வேண்டும்; அதற்குப் பிறகு கஷ்டம். கம்பனியைச் சட்டப்படி கலைத்தால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி தொழிலாளரின் சம்பளப் பாக்கி, ஈ.பி.எப் போன்றவற்றுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் சொத்தை ஈடு பிடித்த வங்கி அதற்கும் முன்னால் நிற்கும். கலைப்பவரின் அறிவித்தல் பத்திரிகையில் வரும். உங்கள் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள்.

அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்குமா?

வேலை போனதற்காகக் கிடைக்காது. குடும்பத்தின் வறுமை நிலையை அளந்துதான் தருகிறார்கள். 2025 முதல் வறியவர் என்ற பிரிவுக்கு மாதம் 10,000, மிக வறியவருக்கு 17,500 ரூபாய். கணக்கெடுப்பு நடந்தபோது உங்களுக்குச் சம்பளம் இருந்திருக்கும், ஆகவே பட்டியலில் பெயர் இருக்காது. விண்ணப்பம் கோரும் நேரம் பார்த்து கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

வேறு தொழில் பழக உதவி உண்டா?

தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், தொழில் பழக்கும் இன்னொரு அரச நிறுவனமான நைட்டாவிலும் பாடநெறிகள் நடக்கின்றன. பத்து வருடம் மெசின் திருத்தியவருக்கோ தைத்தவருக்கோ ஆறு மாதப் பாடநெறியை விட, தெரிந்த வேலையைச் செய்து காட்டி என்.வீ.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கும் வழிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்பார்கள். வெளிநாட்டு வேலைக்கும் அது கைகொடுக்கும். பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு யார் தருவது என்று கேட்டால், அமெரிக்கத் திட்டத்தில் நான் பொறாமைப்படும் இடமே அதுதான்.

இறக்குமதியை நிறுத்தும்படி நாங்கள் கேட்க ஏலாதா?

2018இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, அடிமாட்டு விலைக்குச் சாமானைக் கொண்டுவந்து குவிப்பதற்கு எதிரானது. மற்றது, திடீரென்று இறக்குமதி பெருகி உள்ளூர்த் தொழில் நொறுங்கும்போது தற்காலிகமாகத் தடுப்பதற்கு. கேட்க வேண்டியது உள்ளூர் உற்பத்தியாளர்கள், கணக்கு வழக்கோடு. விசாரித்து வரி போடும்போது ஒரு சின்னக் கம்பனி மூடியே இருக்கும். அப்புறம், ஒளிக்காமல் சொல்கிறேன், இதை எழுதும்போது என் காலில் கிடப்பதும் இறக்குமதிச் செருப்புத்தான்.

நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய ஏலாதா?

ஏலும். ஏமாற்றியோ வெருட்டியோ வாங்கிய இராஜினாமா உண்மையான இராஜினாமா இல்லை என்று தொழில் நியாய சபையில் வாதாடலாம். எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரே பிரிண்டரில் அடித்த கடிதம் என்பதே நல்ல சாட்சி. எழுபது பேருக்கும் ஒரே வெள்ளிக்கிழமையில் சொந்தக் காரணம் வருமா? கூட வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து, கையிலுள்ள தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஆறு மாதம் முடிவதற்குள் மனு போய்ச் சேரும்படி பாருங்கள், தபாலில் போட்ட நாளை நம்பி இருக்காதீர்கள். நான் போனது எட்டாவது மாதம். மேசையில் இருந்த மிஸ் என் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, திகதியை விரலால் தொட்டுக் காட்டி, திருப்பித் தந்தார்.